திரும்பி வர அனுமதி இருக்கிறதா?

எங்கள் குடும்பத்தில் யார் வெளிநாடு போவதென்றாலும் பாஸ்போர்ட், விசா, நகல், கையெழுத்து எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு காகிதம் குறைந்ததால் ஒரு குடும்பத்தின் ஆசை துறைமுக வாசலிலேயே நின்றுபோவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

இந்த முறை பெரியப்பாவுக்கு பீமரத சாந்தி. மயிலாப்பூரில் ஹோமம், சாப்பாடு எல்லாம் முடிந்த கையோடு மொத்தக் குடும்பமும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் இலங்கை போய்வரலாம் என்று அமெரிக்காவில் இருக்கும் அண்ணாவின் யோசனை. கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2023 ஜூன் 5ஆம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய கப்பல் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் அதன் பயணத் திட்டத்தில் இருந்தன. அதே மாதம் 16ஆம் தேதி அது காங்கேசன்துறைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் அது பெரிய செய்தி.

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் சாப்பாட்டு மேஜையில் வைக்கச் சொன்னேன். பெரியப்பா, பெரியம்மா, மன்னி மூவருக்கும் இந்திய பாஸ்போர்ட். அண்ணாவுக்கும் குழந்தைகளுக்கும் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும். விழாவுக்காகவே வந்திருந்த அண்ணாவின் நண்பருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட், 30 நாள் இந்திய இ-விசா. ஒரே கப்பல், ஒரே வரிசையில் அறைகள். ஆனால் காகிதக் கணக்கில் இவர்கள் மூன்று தனித்தனிக் குழுக்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் “நம்ம எல்லாருக்கும் விசா வேணுமா?” என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் வராது.

அப்போதுதான் பெரியம்மா கேட்டாள்: “நாங்க அங்க இறங்கவே போறதில்லைடி. கப்பல்லயே உக்காந்துண்டு கடலைப் பாத்துண்டு இருக்கப் போறோம். அதுக்கு எதுக்கு விசா?”

நியாயமான கேள்வி. வயதானவர்கள் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் இதுதான்: கப்பல் ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள் நுழையும்போது தனியாக நுழைவதில்லை, அதிலுள்ள அத்தனை பேரின் பட்டியலோடும் நுழைகிறது. அந்தப் பட்டியல் முன்கூட்டியே அந்த நாட்டுக் குடிவரவு அதிகாரிகளுக்குப் போய்விடும். நீங்கள் இறங்குவீர்களா மாட்டீர்களா என்பது உங்கள் விருப்பமாக இருக்கலாம். ஆனால் நடு இரவில் நெஞ்சுவலி வந்தால் உங்களைக் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கப்பலில் கோளாறு என்றால் எல்லோரையும் இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய அனுமதி கையில் இருக்கிறதா என்று கப்பல் நிறுவனங்கள் ஏறும் இடத்திலேயே பார்க்கின்றன. ஒரே ஒரு நிறுத்தத்துக்கு அனுமதி இல்லையென்றால் இழப்பது அந்த ஒரு நிறுத்தத்தை மட்டுமல்ல, முழுப் பயணத்தையும்தான். ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், பணமும் பெரும்பாலும் திரும்பாது. காகிதம் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். வாங்கும்போதே அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எல்லோரும் போவதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். திரும்பி வர அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. கப்பல் பயணத்தில் இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஏனென்றால் விமானத்தில் போகிறவர் ஒரு நாட்டில் இறங்கி அங்கேயே தங்குகிறார். கப்பலில் போகிறவர் புறப்பட்ட நாட்டுக்கே மறுபடி நுழைகிறார். அந்த நாடு உங்கள் சொந்த நாடாக இல்லாவிட்டால், அங்கே உங்களுக்கு இரண்டு முறை நுழையும் உரிமை வேண்டும்.

தி.நகரில் உள்ள டிராவல்ஸ்களில் அதிகம் கேட்கப்படும் சிங்கப்பூர் கப்பல் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. தாய்லாந்தும் 2023 நவம்பரிலேயே அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டது. ஆக விசா வேண்டியது சிங்கப்பூருக்கு மட்டும்தான் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்தச் சிங்கப்பூர் விசா ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்தில் இறங்குவது முதல் நுழைவு. கப்பலிலிருந்து இறங்குவது இரண்டாவது. விசா வேண்டாம் என்றாலும் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டியிருக்கிறது. தாய்லாந்து இதை 2025 மே 1 முதல் கொண்டுவந்தது. கப்பலில் ஏறிய பிறகு நடுக்கடலில் இணையம் தேடாமல், வீட்டிலேயே தேதிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே கண்ணோடு எங்கள் மேஜையைப் பார்த்தேன். ஜெர்மன் நண்பரின் 30 நாள் இ-சுற்றுலா விசா இரண்டு முறை நுழைய அனுமதிப்பது. சென்னை விமான நிலையத்தில் இறங்கியது ஒன்று, கப்பலில் திரும்பி வருவது இரண்டு. அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு காத்மாண்டு போய்விட்டு மறுபடி டெல்லி வரும் எண்ணம் அவருக்கு இருந்தது. அதை விட்டுவிடச் சொன்னேன். இன்னொன்றும் உண்டு: இ-விசாவில் கடல் வழியாக எல்லாத் துறைமுகத்திலும் நுழைய முடியாது. அதற்கென்று குறிக்கப்பட்ட துறைமுகங்கள் இருக்கின்றன. நல்லவேளையாக சென்னை அந்தப் பட்டியலில் இருக்கிறது. அண்ணாவும் குழந்தைகளும் ஓ.சி.ஐ. அட்டையோடு எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தியாவுக்குள் வரலாம். ஆனால் இலங்கையைப் பொறுத்தவரை அவர்கள் அமெரிக்கர்கள், அமெரிக்கர்களுக்கான விதிகள்தான் அவர்களுக்கு. மன்னியின் அமெரிக்க வேலை விசாவுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.

இலங்கையின் விதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2012 ஜனவரி முதல் அங்கே மின்னணுப் பயண அனுமதி முறை இருக்கிறது, ஈ.டி.ஏ. என்பார்கள். 2023 அக்டோபரில் இந்தியா உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணம் வேண்டாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. 2024 ஏப்ரலில் பழைய முறையை எடுத்துவிட்டு, தனியார் கூட்டமைப்பு ஒன்றின் வழியாக இ-விசா கொடுக்க ஆரம்பித்தார்கள். அது வழக்காகி, 2024 ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பர் கடைசியில் பழைய ஈ.டி.ஏ. முறை திரும்பி வந்தது. ஓராண்டுக்குள் இத்தனை மாற்றம். போன வருடம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சத்தியமாகவே இருக்கலாம், ஆனால் இந்த வருடத்துக்குப் பொருந்தாது. இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். தேடும்போது அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும். முகவரியில் அரசுத் தளம் என்பதைக் காட்டும் எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட் எண்ணைத் தட்டுங்கள். டிக்கெட் வாங்கும்போது ஒரு முறை, புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு முறை பார்ப்பது என் வழக்கம்.

விதி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு இந்த எம்பிரஸ் கப்பலின் சரித்திரமே சாட்சி. இது 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. ராயல் கரீபியன் நிறுவனத்திடம் பல காலம் இருந்தது. 2017இலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குப் பயணிகளை ஏற்றிப்போன கப்பல்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கர்கள் வெறும் சுற்றுலாவுக்காகக் கியூபா போக அவர்கள் சட்டம் அனுமதிப்பதில்லை. குறிப்பிட்ட சில காரணங்களுக்காகத்தான் போகலாம். ‘மக்களோடு மக்கள் பழகும் கல்விப் பயணம்’ என்ற பிரிவின் கீழ்தான் கப்பல் பயணிகள் பெரும்பாலும் போய்வந்தார்கள். 2019 ஜூன் 4ஆம் தேதி அமெரிக்க அரசு அந்தப் பிரிவை ரத்து செய்தது, கப்பல்கள் கியூபா போவதையும் தடுத்தது. மறுநாளே அமல். மாதக்கணக்கில் திட்டமிட்டுப் பணம் கட்டியவர்களுக்கு ஹவானா ஒரே நாளில் இல்லாமல் போய், கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குத் திரும்பின. சரியாக நான்கு வருடம் கழித்து, அதே ஜூன் 5ஆம் தேதி, அதே கப்பல் நம் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது.

விசாவே தேவைப்படாத சொந்த நாட்டுக்குள்ளும் கப்பலுக்குக் கதவு அடைபடும். 2022 ஜூன் 4ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதே கப்பலைச் சென்னையில் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினம் போய், புதுச்சேரியைத் தொட்டு, சென்னை திரும்புவது ஒரு பயணத் திட்டம். கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதாக எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் காரில் போய்விடும் ஊரைக் கப்பலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. லட்சத்தீவு இன்னும் தெளிவான உதாரணம். 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுக்காரர் அல்லாத இந்தியக் குடிமகனும் முன் அனுமதி வாங்கித்தான் அங்கே கால் வைக்க முடியும். காவல்துறைச் சான்று, அடையாள அட்டை நகல், புகைப்படம் எல்லாம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 36 தீவுகளில் மக்கள் வாழ்வது பத்தில்தான். குடிநீருக்கும் பவளப்பாறைக்கும் தாங்கும் அளவு உண்டு. அந்தக் கட்டுப்பாடு அவசியம் என்றே நினைக்கிறேன். மும்பையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ அகத்தி வழியாகப் போகும் கப்பலில் கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்க வேண்டாம். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் கவனிக்க: இப்படிக் கட்டுப்பாடு உள்ள பகுதிகளுக்கு அந்த அட்டை மட்டும் போதாது, தனி அனுமதி வாங்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இருந்தது. அவருடைய தாத்தா எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனவர். 1914இலிருந்து 1964 டிசம்பர் புயல் வரை ஓடிய பாதை அது. விசா இல்லாமல் போய்வந்த காலம் என்று அவர் சொல்வது ஓரளவு உண்மை. இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றதும் குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தது. 1949 நவம்பர் 1 முதல் இந்தியர்களுக்கும் பாஸ்போர்ட், விசா கட்டாயமாயிற்று. அதற்கு முன்னால் எல்லோருக்கும் அது திறந்த கடலாகவும் இருந்துவிடவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோய்ப் பரிசோதனை செய்த பிறகே அனுப்பினார்கள். உத்தியோகத்துக்குப் போன பெரியப்பாவின் தாத்தா ரயிலிலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குப் போயிருப்பார். அதே ரயிலில் வந்த இன்னொருவர் முகாமில் காத்துக் கிடந்திருப்பார்.

அந்த மண்டபம் முகாம் பிற்காலத்தில் எதிர்த்திசையில் வந்தவர்களால் நிரம்பியது. அடையாறு சாஸ்திரி நகரில் எனக்கு மிகவும் வேண்டிய ஓர் அம்மா இருக்கிறார். காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் கீரிமலை அவர் ஊர். 1985இல் கணவரோடு படகில் ராமேஸ்வரம் வந்தவர். கொஞ்ச காலம் மண்டபத்தில் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்து, காவல் நிலையத்தில் அகதியாகப் பதிவு செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே வாழ்கிறார். எங்கள் கப்பல் திட்டத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பிள்ளை, உந்தக் கப்பல் எங்கட துறைக்கே போகுதெண்டு சொல்லுகினம். ரிக்கற் எவ்வளவெண்டு எனக்கும் ஒருக்காக் கேட்டுச் சொல்லு” என்றார்.

அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு உரிமை இல்லை. இலங்கை பாஸ்போர்ட் வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்தில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகரகத்தில் பிறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்தாலும் ஹாடோஸ் சாலையில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி ஒரு வழி. போகலாம், அகதியாக இங்கே திரும்பி வர முடியாது. பிள்ளைகள், பேரக்குழந்தைகள், நாற்பது வருடமாக வாழ்ந்த தெரு எல்லாம் இந்தப் பக்கம். நான்கைந்து நாள் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் உரிமை அவர் கையில் உள்ள எந்தக் காகிதத்திலும் இல்லை.

அந்தப் பக்கமும் சிக்கல் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போவது இலங்கைச் சட்டப்படி குற்றம். உயிர் தப்பப் படகேறியவர்கள் யாரிடம் முத்திரை வாங்கியிருப்பார்கள்? 2025 மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு ஊர் திரும்பிய ஒரு முதியவர் பலாலி விமான நிலையத்தில் இந்தக் காரணத்துக்காகக் கைது செய்யப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு அந்த அம்மா நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இந்தியப் பக்கம் ஒரு சின்ன ஆறுதல், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்திருப்பது. அது இங்கே இருப்பதற்கான பாதுகாப்பு மட்டுமே. போய்வருவதற்கு அது உதவாது. இந்த நிலையில் தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போக அனுமதித்த இரண்டு அரசுகளும் இவர்களுக்கு ஒரு முறை போய்வரும் அனுமதிச் சீட்டைச் சேர்ந்து உருவாக்க முடியும். கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும்.

அந்த அம்மாவின் வீட்டில் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவர் மகள் பிறந்தது 1987 பிப்ரவரியில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். மகன் பிறந்தது 1989இல், அதே ஆஸ்பத்திரியில். நம் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக அக்கா இந்தியர், தம்பி அகதி. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இதே பிரிவைக் காட்டி வழக்குப் போட்டு, அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் போட்டார்.

இத்தனை வருடமாக அகதி என்றே பதிவில் இருந்த மகளுக்கு இது தெரியாது. பாஸ்போர்ட் வந்தால் அவள் காங்கேசன்துறை போகலாம், எல்லோரையும் போலச் சென்னைக்குத் திரும்பியும் வரலாம். பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. மாநகராட்சி பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும் காவல் நிலையப் பதிவில் வேறு விதமாகவும் இருப்பதால், இரண்டும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராகிறது. மதுரைக் கிளைத் தீர்ப்பின் நகலை எடுத்தாயிற்று. கோஷா ஆஸ்பத்திரியின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை அம்மா பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்.